கோமதி அக்காவின் கடைசிக் குப்பி

என் தங்கமான அக்காவுக்கு,

நம் ஊர் உறுவையாற்றில் கரும்பை வெட்டியாயிற்று. வீட்டைச் சுற்றி ஒரே வெளிச்சம். அம்மாவுக்குத்தான் அது பிடிக்கவில்லை. நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

ரத்தப் புற்றுநோயோடு நீ படுத்திருந்தபோது, நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு உன் ரத்தத்தை நீயாகவே கொடுத்தாய். "இன்னாடி பாப்பீங்க அதுல?" என்றாய். கெட்டுப்போன செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் வழி உடலிலேயே உண்டு, மருந்து அதைத் தூண்டிவிடும் என்றேன். "அப்ப எவ்ளோ நேரத்துல சாவுதுன்னு பாத்து எனக்கும் சொல்லு." சொல்வதற்குள் போய்விட்டாய்.

உன் ரத்த செல்களை உறையவைத்த குப்பி ஒன்று மீதி இருந்தது. எடுக்கக் கை வரவில்லை. உன்னில் உயிரோடு மிஞ்சியது அது மட்டும்தானே? அம்மாதான் ஒருநாள் கேட்டாள்: "பூட்டி வெக்கவா அவ குடுத்தா?"

"எடுத்தா தீந்துடும்மா."

"தீரட்டும்டி. அவளே போய்ட்டா."

சென்ற வாரம் எடுத்தேன். எங்கள் சிப் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு. அதில் தலைமுடியளவு வாய்க்கால்கள், ஒவ்வொரு செல்லுக்கும் தனிக் குழி. மருந்து ஓடும், சாகத் தொடங்கும் செல் பச்சையாக ஒளிரும், கேமரா நேரத்தைப் பதியும். எல்லாம் சேர்ந்து மெல்ல மெல்லச் சாகும் என்றிருந்தோம். அப்படியில்லை அக்கா. ஒவ்வொன்றும் நெடுநேரம் எதுவுமே நடக்காததுபோல் இருந்துவிட்டு, சட்டென்று போயிற்று. ஒன்றின் நேரம் மற்றொன்றுக்கு இல்லை. சில போகவே இல்லை. அப்படிப்பட்டவைதானே உன்னைக் கொண்டுபோயின? வெறுக்கத்தான் வேண்டும். ஆனால் அவையும் நீதானே?

இரண்டாவது மருந்தை விட்டோம். அவையும் ஒளிர்ந்தன. பேராசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வில்லியனூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். யாரிடம் சொல்வது? கேட்டவள் நீ.

வீட்டில் செல்கள் செத்ததைச் சொன்னேன். அம்மா சோறு போட்டபடி, "அவளுக்கு வலிச்சிருக்குமாடி?" என்றாள். செல்லுக்கு வலி தெரியாது என்று விளக்காமல், "வலிச்சிருக்காதும்மா" என்றேன்.

ஆய்வகத்துக்கு இப்போது மடுகரைப் பெண் ஒருத்தியின் ரத்தம் வந்திருக்கிறது. வார்டில் இருக்கிறாள், உன் நோய்தான், என்னைவிடச் சின்னவள். நேற்று போய்ப் பார்த்தேன். "எனக்கு இன்னா ஆவும்க்கா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவள் செல்களில் உன்னைத் தேடமாட்டேன், அக்கா. தெரிய வருவதை, கேட்க அவள் உயிரோடு இருக்கும்போதே போய்ச் சொல்வேன்.

அக்கா என்று கூப்பிட ஆளில்லாத,
உன் தங்கச்சி