பரண் நிறைய சோப்பு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் மூத்தவனும் வயிற்றில் இருக்கும் சின்னதும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், காலையில் கண் விழித்ததும் எனக்கு அந்த நினைப்புத்தான். இங்கே எல்லோரும் சௌக்கியம், உட்கார்ந்து சொறிந்துகொள்ளும் அளவுக்குச் சௌக்கியம். போன வாரம் போனில் "இந்தப் பிரசவத்துக்காவது வருவியாம்மா?" என்று நீ கேட்டபோது அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, தண்ணீரும் இல்லை. அப்பா பக்கத்தில் பேப்பர் படிக்கிற பாவனையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவர் முன்னால் எனக்குப் பேச்சு எழவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

உனக்குத்தான் தெரியுமே, அப்பா சொத்து என்று பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தது இந்த அரிப்பு ஒன்றைத்தான். அது அண்ணனுக்கு வந்தது, அண்ணனிடமிருந்து அவன் மகள் குட்டிக்கு வந்தது, நீ மட்டும் என் தோலோடு பிறந்து தப்பித்தாய். கடையில் விற்கிற எந்த சோப்பில் துவைத்தாலும் குட்டிக்குக் கழுத்தும் முழங்கை மடிப்பும் சிவந்து தடித்துவிடும், பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டே வருவாள். வாசனை போட்டதும் ஆகாது, வாசனை இல்லை என்று எழுதி விற்பதும் ஆகாது. அதனால்தான் நானே செய்ய ஆரம்பித்தேன். எண்ணெய், காஸ்டிக் சோடா, தண்ணீர், அவ்வளவுதான் சங்கதி, ஆனால் எண்ணெய் மிஞ்சினால் துணி பிசுபிசுக்கும், சோடா மிஞ்சினால் தோல் வெந்துவிடும். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவில் தண்ணீரை ஊற்றினால் முகத்துக்கு நேரே பொங்கும். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, கூழ் பதம் வரும்வரை கிண்டி, தட்டில் ஊற்றி, இறுகியதும் வெட்டிப் பரணில் அடுக்கி, ஒரு மாதம் காயவிட்டு, கடைசியில் ஒரு துளி நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பேன். சுருக்கென்று பிடித்தால் அது உதவாது. அண்ணி ஒரு தடவை செய்து பார்த்தாள், பாவம், அளவு பிசகிக் குட்டியின் முதுகு புண்ணாகிவிட்டது. அன்றிலிருந்து "அத்தை, உங்களை மாதிரி எனக்கு வராது, என்னை விட்டுடுங்க" என்று பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டாள். அண்ணனும் "எங்கம்மா கை பட்டாதான் சரியா வரும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுகிறான். பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு நான் குளியலறைக்கும் மொட்டைமாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கிடக்கிறேன். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை, நகரத்தான் முடியவில்லை. துணியை உலர்த்திவிட்டு மாடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கீழே போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எந்த பஸ் எங்கே போகிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

மூத்தவன் பிறந்தபோது பெட்டியெல்லாம் கட்டி வைத்த பிறகு சோப்பு தீர்ந்து, குட்டிக்கு உடம்பெல்லாம் புண்ணாகி, நான் வர முடியாமல் போனது உனக்கு மறந்திருக்காது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாளே நீ தனியாக நின்று பிள்ளையைக் குளிப்பாட்டினாய் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. அதனால் இந்த முறை நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று நீ சொன்ன அன்றே முடிவு செய்துவிட்டேன், நான் இல்லாத மாதங்களுக்கும் சேர்த்துச் செய்து பரணை நிரப்பிவிட்டுத்தான் கிளம்புவது என்று. ஆனால் நான் அடுக்க அடுக்க அது குறைந்துகொண்டே வந்தது. அண்ணிதான் ஆபீஸில் யாருக்கோ தூக்கிக் கொடுக்கிறாள் என்று நினைத்து அவளை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன், அவள் அழுதுவிட்டாள். அப்புறம் போன மாதம் ஒருநாள் மத்தியானம் துணி எடுக்க மாடிக்குப் போனால், உங்கப்பா பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு உட்கார்ந்து ஜன்னல் திரையைத் துவைத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் ஸ்கூட்டர் உறை, மிதியடி, பட்டறையில் வேலை பார்த்த காலத்துப் பழைய சாக்கு எல்லாம் நுரையில் ஊறுகின்றன. ஒரு கைக்குட்டையைத் துவைத்தறியாத மனுஷன்! காயாத சோப்பாகப் பார்த்து எடுத்திருக்கிறார், விரலெல்லாம் தோல் உரிந்து சிவந்து கிடந்தது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. என் மகளிடம் என்னைப் போகவிடாமல் பண்ணத்தானே இந்த வேலை என்று கத்தினேன். அவர் தலையை நிமிர்த்தாமல் திரையைப் பிழிந்துகொண்டே, "நீ போனா திரும்பி வருவியா?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்டதெல்லாம் சாப்பாடு ஆச்சா, சட்டை எங்கே என்பதுதான். வராமல் எங்கே போவேன் என்று நான் சட்டென்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல முடியவில்லை மகளே, அதை அவரும் பார்த்துவிட்டார். எனக்கு அவர்மேல் வெறுப்பு கிடையாது. இந்த வீட்டில் எல்லோரும் நல்லவர்கள், அதனால்தான் எனக்கு மூச்சு முட்டுகிறது. கெட்டவர்களாக இருந்திருந்தால் என்றைக்கோ சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பேன்.

மறுநாள் அவரே வந்து கையுறையைக் கேட்டார். இரும்பை மயிரிழை பிசகாமல் கடைந்த கை, சோடாவை மூன்று தடவை நிறுத்துப் பார்த்தது. நான் சொல்லச் சொல்லக் கிண்டினார், ஊற்றினார், வெட்டி அடுக்கினார். முந்தாநாள் அதில் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்தேன், சுருக்கென்று இல்லை. குட்டியின் சட்டையை அதில் துவைத்துப் போட்டுவிட்டோம், இன்று சாயங்காலம்வரை ஒரு தடிப்பும் இல்லை. அண்ணி சந்தோஷத்தில் என்னைக் கட்டிக்கொண்டாள். நான்தான் என்ன செய்வதென்று தெரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன்.

அதனால் வருகிறேன், இந்தத் தடவை கட்டாயம் வருகிறேன். அதுவரை மாத்திரையை நேரத்துக்குப் போடு, மூத்தவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறாதே, மாப்பிள்ளை ஷிப்டு முடிந்து வரும்வரை சாப்பிடாமல் காத்திருக்காதே. அப்பா இப்போது எட்டிப் பார்த்துவிட்டு, "நான் விசாரிச்சேன்னு எழுது" என்று சொல்லிவிட்டுப் போகிறார். நல்லபடியாகப் பெற்றெடுத்து நீயும் உன் குடும்பமும் நோய் நொடியில்லாமல் பல்லாண்டு இருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன். மறக்காமல் ஒன்று செய். டிக்கெட் எடுக்கும்போது திரும்பி வருவதற்கும் சேர்த்தே எடு, நான் அதை அப்பா கையில் கொடுக்க வேண்டும். திரும்புகிற தேதியை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடு. எவ்வளவு தள்ளி என்று என்னைக் கேட்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா