கேட்டில் நிற்கும் உங்கள் எழுத்து

என் அன்பு லிஜி மைனிக்கு,

அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. வேறு யாராவது உங்களிடம் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். பெண்ணைத் தேடிக் கொண்டுவந்ததும் நான்தான். திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள், அண்ணனைத் திட்டாதீர்கள். அவர் கடைசிவரை வேண்டாம் என்றுதான் சொன்னார்.

பெயர் ரம்யா. காட்டாக்கடைக்காரி. அங்கே ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை. முதல் கல்யாணம் சரிப்படாமல் தாய்வீட்டுக்கு வந்து சில வருஷமாகிறது. அதிகம் பேசமாட்டாள். ஆனால் முதல் தடவை பார்த்த அன்றே உங்கள் மகள் அனுவின் தலையில் பேன் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். தினமும் நானும் அம்மாவும் மாறிமாறிச் சீவிவிடும் தலை, மைனி. எங்கள் கண்ணில் படவில்லை. அப்போதே எனக்கு அவளைப் பிடித்துப்போனது. பிடித்துப்போனதே என்று வீடு வந்து சேரும்வரை மனசு குத்திக்கொண்டே இருந்தது.

இன்னொரு சங்கடமும் உண்டு. அவளை நான் என்னவென்று கூப்பிடுவது? அண்ணன் மனைவிக்கு நம் வீட்டில் ஒரு சொல்தான் இருக்கிறது. அதை உங்களுக்குக் கொடுத்தாயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை வீடு காணலுக்கு, மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துப் போக, அவள் வீட்டார் வந்தார்கள். எல்லாரும் உள்ளே போன பிறகும் ரம்யா கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றாள். தகட்டில் வெட்டியிருக்கும் அந்த வளைவுகளை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"சேச்சி வரைஞ்சதா? நல்ல பங்கி உண்டு. நம்ம முறி ஜன்னலுக்கும் இதே டிசைன் மதி. வேற ஒண்ணும் வேண்டாம்."

"செய்யலாம்" என்று சொல்லிவிட்டேன். அழகு என்கிறாள், தங்கள் அறை ஜன்னலுக்கும் அதுவே போதும் என்கிறாள், வேறென்ன சொல்வது? உள்ளே போய் டீ ஊற்றினால் பாதி தட்டில் போகிறது. அம்மா என்னை முறைத்துப் பார்த்தாள்.

அந்த வளைவுகள் என்னவென்று தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். நீங்கள் கண்மூடிய பிறகு நான் ஒருத்தி.

நினைவிருக்கிறதா? போதகர் வந்து புது வீட்டைப் பிரதிஷ்டை செய்யக் கொஞ்ச நாள்தான் இருந்தது. நல்ல மழையில் பாதி நனைந்த சேலையோடு வெள்ளறடைக்கு, நான் வேலைபார்க்கும் பட்டறைக்கு வந்தீர்கள். கேட்டுக்கும் ஜன்னலுக்கும் தகட்டில் வெட்டுவதற்கு நான் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக்கொண்டிருந்தேன். சுவருக்கு நிறம் அம்மா சொன்னது, தரைக்கு டைல்ஸ் அண்ணன் எடுத்தது, அடுக்களை மறுபடியும் அம்மா. என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னீர்கள்:

"ஒரு ஆணி கூட எனக்க இஷ்டத்துக்கு அடிக்கேல பிள்ளே. இந்தக் கேற்றாவது எனக்க பேரிலே இருக்கட்டு. ஆனா ஒரு மனுசருக்கும் தெரியாண்டாம்."

உங்கள் பெயரின் முதல் எழுத்தில் மேல்வளைவை விட்டுவிட்டு ல மட்டும் எடுத்தேன். ஒரு ல நேராக, பக்கத்தில் ஒன்று கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி, கீழ் வரிசையில் இரண்டும் தலைகீழாக. ஓர் எழுத்து மற்றதைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் தகடு நிற்கும். தொடாவிட்டால் வெட்டும்போதே துண்டு கழன்று விழுந்துவிடும். அந்தத் தொடும் இடங்களைச் சரிசெய்வதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. வரிசை நிறைந்ததும் ல எங்கேயோ காணாமல் போனது. கொடி மாதிரி, அலை மாதிரி ஏதோ ஒன்று திரை முழுக்க ஓடியது.

"எனக்கே எனக்க பேரு தெரியேல பிள்ளே!" என்று என் தோளில் அடித்துச் சிரித்தீர்கள்.

பிரதிஷ்டை அன்று அம்மா அதைத் திராட்சைக்கொடி என்று போதகரிடம் பெருமையாகச் சொன்னாள். அவரும் தலையாட்டினார். பின்னால் நின்று என் இடுப்பைக் கிள்ளினீர்களே, அந்த இடம் இரண்டு நாள் கன்றிப்போய் இருந்தது. அனுவுக்கோ அது நத்தை. பள்ளிக்கூடத்தில் மலையாளம் படிக்கிறாள், தமிழ் எழுத்து தெரியாது. வேனுக்குக் காத்து நிற்கும்போது ஒவ்வொரு நத்தைக்கும் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

இந்த வாரம் முழுக்க எனக்கு இதே யோசனைதான். பேசாமல் அதையே வெட்டிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு சமயம் நினைத்தேன். அண்ணனுக்கே தெரியாதது இவளுக்கு எப்படித் தெரியப்போகிறது? உங்கள் எழுத்து இன்னும் ஒரு ஜன்னலில் இருக்குமே, அது உங்களுக்குச் செய்யும் நன்மைதானே என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். பிறகு அந்த அறையை நினைத்துப் பார்த்தேன். காலை வெயிலில் ஜன்னலின் நிழல் கட்டில்மேல் விழும். போர்வை முழுக்க ல ல ல என்று கிடக்கும். நடுவில் அவள் ஒன்றும் அறியாமல் தூங்கிக்கொண்டிருப்பாள். அப்படி ஒரு காரியத்தை ஒரு பெண்ணுக்கு எப்படிச் செய்வது? உங்களுக்குத்தான் அது பிடித்திருக்குமா?

சொன்னாலோ, கேட்டையே கழற்றச் சொல்வாள். அப்படிச் சொல்ல அவளுக்கு உரிமையும் உண்டு. கழற்றி, பழைய இரும்புக்காரனின் வண்டியில் ஏற்றிவிடுவதும் நானாகத்தான் இருக்கும். உங்களுக்குத் துரோகம் செய்வதா அவளுக்குச் செய்வதா என்பதுதான் பாக்கி என்று தோன்றியது.

வியாழக்கிழமை ஜன்னல் அளவோடு அவளே பஸ் ஏறிப் பட்டறைக்கு வந்தாள். நீங்கள் உட்கார்ந்த அதே ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் வாயைத் திறந்தேன்.

"மைனி, ஒரு காரியம் சொல்லணும்."

என்னை அறியாமல் வந்துவிட்டது. அவளும் கவனித்தாள். நான் திரையில் அந்த டிசைனைத் திறந்து, ஒரே ஒரு எழுத்தைப் பிரித்தெடுத்துச் சிவப்பாக்கிக் காட்டினேன். "இது தமிழ் ல. லிஜி மைனிக்க எழுத்து. கேற்று முழுக்க இதாக்கும்."

பக்கத்தில் பையன்கள் இரும்பு அறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நிற்கும்வரை அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது யாருக்கெல்லாம் அறியும்?"

"ஆருக்கும் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது."

"கேற்றில அவங்க நிக்கட்டு சேச்சி. அவங்க நின்னு கெட்டின வீடாக்கும்." ஜன்னல் அளவுச் சீட்டை என் பக்கம் நகர்த்திச் சொன்னாள்: "முறிக்குள்ள வேண்டாம். அந்த முறி எனக்கு வேணும். ஜன்னல்ல என் எழுத்து மதி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. போகும்போது வாசலில் நின்று, "அனு மோளு ஒரு நாள் கேப்பா. அப்ப சேச்சி பறஞ்சு குடுக்கணும். நான் பறஞ்சா சரியாகாது" என்றாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன் மைனி. முடியவில்லை. அவள் கேட்டபடி அவளுடைய எழுத்தில் ஒன்று வரைய வெள்ளிக்கிழமை உட்கார்ந்தேன். அவள் மலையாளத்தில்தான் கையெழுத்துப் போடுவாள், அதனால் மலையாளத்து ர. ஒரு வளைவு, இரண்டு முனையும் உள்ளே சுருண்டிருக்கும், அவ்வளவுதான். அரை எழுத்து தள்ளி அடுத்த வரிசையை வைத்தேன். மீன் செதிள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று தானாகப் போய் உட்கார்ந்தது. தொடும் இடங்களை நான் தேடவே வேண்டியிருக்கவில்லை. மதியச் சாப்பாட்டை மறந்து, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வேலைசெய்திருக்கிறேன். பட்டறைப் பையன் வந்து, "என்னக்கா, இன்னைக்கி நல்ல சந்தோசமாக்கும்?" என்று கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

மைனி, அது உங்களுடையதைவிட நன்றாக வந்துவிட்டது.

கொஞ்சம் கெடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஒரு வளைவைக் கோணலாக இழுத்தும் பார்த்தேன். கண்ணுக்குப் பொறுக்கவில்லை, திரும்பச் சரிசெய்துவிட்டேன். உங்களுக்கு வரைந்தபோது எனக்கு வேலை புதிது, இப்போது கை தேறிவிட்டது, அவ்வளவுதான் என்று சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன். மனசு கேட்கவில்லை. நீங்கள் இல்லாத வீட்டுக்கு நான் இத்தனை சந்தோஷமாக வேலைசெய்யலாமா? நீங்களே சொல்லுங்கள்.

நேற்று அந்தக் கேட்டுக்கு நானே பெயின்ட் அடித்தேன். ஆளைக் கூப்பிடுகிறேன் என்ற அண்ணனை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சுழியின் உள்பக்கம்தான் துரு அதிகம், பழைய டூத்பிரஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். அனு கூடவே நின்று, நத்தைகளுக்கெல்லாம் குளிக்க ஊற்றுகிறோமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்குமேல் சொல்ல வாய் வரவில்லை.

ஆனால் சொல்வேன். இனி வருஷா வருஷம் இந்தத் துருவை நான்தான் தேய்ப்பேன், இந்த டிசைனை வேறொரு வீட்டுக்கு வெட்டித் தரமாட்டேன். அனு கேட்கும் அன்று அவள் விரலைப் பிடித்து, அந்த நத்தையின் மேலேயே ல என்று எழுதவைப்பேன். உன் அம்மா இங்கேதான் நிற்கிறாள் என்று சொல்வேன்.

அடுத்த மாதத்திலிருந்து இந்த வீட்டில் நான் மைனி என்று கூப்பிட்டால் அடுக்களையிலிருந்து ரம்யா வருவாள். கோபித்துக்கொள்ளாமல், கேட்டில் நின்றபடி நீங்களும் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.

எப்போதும் உங்கள் நாத்தனாராகவே இருக்கும்,
ஷைனி