விளக்கு ஏற்றாத பதினொரு நாள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. சாமி புண்ணியத்தில் முழங்கால் வலியைத் தவிர எனக்கு வேறு குறையில்லை. பேத்திக்குப் பல் முளைத்துவிட்டதா? கண்டதைக் கடிக்கக் கொடுக்காதே.

உன் கடிதம் கிடைத்தது. "ஒரு அலமாரிதானேம்மா, விட்டுக்கொடு" என்று எழுதியிருக்கிறாய். கட்சிச் செயலாளர் உனக்குப் பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறார்.

வீட்டை அப்பாவின் நினைவு இல்லமாக்கச் சம்மதித்தவள் நான்தான். அவருடைய மூக்குக்கண்ணாடி, செருப்பு, சிறையில் போட்டிருந்த சட்டை எல்லாவற்றையும் துடைத்து மடித்துக் கொடுத்தேன். போன வாரம் வந்த செயலாளர், ஜன்னலோரம் இருக்கும் என் சாமி அலமாரியை எடுக்கச் சொன்னார். "தலைவர் நாத்திகர்மா, பாக்கறவங்க சிரிப்பாங்க" என்றார். தம்பி, நீ பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த நாத்திகரோடு குடித்தனம் நடத்தியவள் நான் என்றேன். சுவரில் மாட்ட ஒரு பலகையும் கொண்டுவந்திருந்தார். 'தலைவரின் நிழலாக வாழ்ந்தவர்' என்று எனக்கு அதில் ஒரே வரி. உங்களுக்கெல்லாம் நிழலா வந்து சோறு வடித்துப் போட்டது என்று கேட்டேன். பலகையைத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

உனக்கும் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அப்பா தலைமறைவாக இருந்த நான்கு வருடமும், அந்த அலமாரி விளக்குதான் அவருக்கும் தோழர்களுக்கும் அடையாளம். சாயங்காலம் அது எரிந்தால் வீட்டுக்கு வரலாம். எரியாவிட்டால் உள்ளே போலீஸ். தெருமுனையிலிருந்தே திரும்பிவிட வேண்டும். ஒரு நாள் வந்த இன்ஸ்பெக்டர் பக்திமான். "சாமிய இருட்டுல வைக்கலாமாம்மா?" என்று அவரே எண்ணெய் பாட்டிலை எடுத்து நீட்டினார். வாங்கும்போது கை தவறியதுபோல் தரையில் போட்டு உடைத்தேன். அன்று தெருமுனை வரை வந்த அப்பா தப்பினார்.

அப்படி ஏற்றாமல் விட்டது பதினொரு நாள். ஒவ்வொன்றையும் நோட்டில் தேதியோடு எழுதி, கீழே சாமியிடம் மன்னிப்பும் எழுதியிருக்கிறேன். அப்பா அதைப் படித்துவிட்டு, "உன் சாமிய நம்பல, உன் விளக்க நம்பறேன்" என்று சிரிப்பார்.

ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் திறப்பு. நீதான் ரிப்பன் வெட்ட வேண்டுமாம். அலமாரி இருந்தால் விளக்கு எரியும். எடுத்துவிட்டால் பன்னிரண்டாவது தேதியை நோட்டில் எழுதுவேன். அந்தக் காலத்துத் தோழர்களில் தையல்காரரும் அச்சகத்துக்காரரும் இன்னும் இருக்கிறார்கள், அன்றைக்கு வருகிறார்கள். இருட்டான ஜன்னலைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நீயும் வா. பேத்தியைத் தூக்கிக்கொண்டு வா. ஆனால் வீட்டுக்குள் நுழையும் முன், உன் அப்பா நின்ற இடத்தில் நின்று ஒரு தடவை ஜன்னலைப் பார்த்துவிட்டு வா.

சாமி உன் கூடவே இருக்கட்டும்.

உன் அம்மா