பிப்ரவரி முப்பது

18 மார்ச் 2025, செவ்வாய்

இன்றும் தேதிக் கணக்குதான். ஆலைகளுக்கு நாள் நினைவூட்டும் புரோகிராம் எழுதுகிறவளுக்கு வேறென்ன. ஒருவருக்கு மாதத்தின் இரண்டாவது செவ்வாய் மீட்டிங், இன்னொருவருக்குக் கடைசி வேலைநாளில் ஆடிட். ஐந்தாவது சனிக்கிழமைதோறும் கூட்டம் வேண்டும் என்றார் ஒரு மகானுபாவர். ஐந்தாவது சனிக்கிழமையே இல்லாத மாதத்தில்? "நீங்கதானே மேடம் சாஃப்ட்வேரு, நீங்களே சொல்லுங்க." ஒரகடத்தில் பஸ்ஸுக்கு நாற்பது நிமிஷம் நின்றேன். கால் கடுக்கிறது.

19 மார்ச், புதன்

பேட்டரி ஆலையின் நர்ஸ் ரஞ்சனி போன் செய்தாள். அங்கே ஈயத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை. யார் எந்த நாளில் வரவேண்டும் என்று நான் எழுதிய புரோகிராம்தான் பட்டியல் போடுகிறது.

"மேடம், பதினேழு பேரு பேரே வரல. நவம்பர் முப்பதாந்தேதி ஒண்ணா சேந்த ஆளுங்க. மத்த எல்லாரும் வந்து குடுத்துட்டாங்க."

நவம்பர் முப்பதிலிருந்து மூன்று மாதம். பிப்ரவரி முப்பது.

திறந்து பார்த்தேன். அந்தத் தேதி அந்த மாதத்தில் இல்லையென்றால் விட்டுவிடு, அடுத்த சுற்றுக்குப் போ என்று எழுதி வைத்திருக்கிறேன். மாதக் கடைசி நாளுக்கு மாற்று என்று எழுதியிருக்க வேண்டும். மீட்டிங்குக்கு எழுதியதை அப்படியே தூக்கி இங்கே போட்டிருக்கிறேன், சீக்கிரம் வீட்டுக்குப் போகிற அவசரத்தில். ஒரு மீட்டிங் தவறினால் எல்லாருக்கும் சந்தோஷம். இது ரத்தம். அடுத்த அழைப்பு மே முப்பதுக்குத்தான். அதுவரை பதினேழு பேரும் அந்தத் தூசியிலேயே—

20 மார்ச், வியாழன்

எங்கள் டீம் லீட் ஜெபகுமார் சாரிடம் சொன்னேன்.

"புரோகிராமைத் திருத்திடும்மா அறிவு. பழைய தேதிக்கு 'ஆள் வரவில்லை'ன்னு போட்டுடு. மே மாசம் எப்படியும் எடுக்கத்தான் போறாங்க. இது தெரிஞ்சா ஆர்டர் போயிடும், நாம ஆறு பேரும் வூட்ல உக்காரணும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார். அதுவும் பதினேழு பூசணிக்காய். கெட்ட மனிதர் என்றால் சுலபமாகத் திட்டிவிடலாம். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர் அவர்தான்.

21 மார்ச், வெள்ளி

புரோகிராமை மட்டும் திருத்தினேன். வேறெதுவும் செய்யவில்லை. கோழைதான் நான்.

22 மார்ச், சனி

மெயில் அனுப்பிவிட்டேன். ஆலை டாக்டருக்கும் ரஞ்சனிக்கும், காப்பி ஜெபகுமார் சாருக்கு. "அவர்கள் வராமல் இருக்கவில்லை. நாங்கள் அழைக்கவே இல்லை. தவறு என்னுடையது." நாலு தடவை எழுதி அழித்தது, கடைசியில் மூன்று வரிதான். கீழே போய் டீ குடித்தேன், ருசியே தெரியலை. ஆறு பேரு பொழப்பாச்சே. இன்னா பண்ணிட்டேன் நான்?

28 மார்ச், வெள்ளி

பதினேழு பேரையும் கூப்பிட்டு ரத்தம் எடுத்துவிட்டார்கள். பதினாறு பேருக்குப் பயமில்லை. ஒருவருக்கு ரத்தத்தில் ஈயம் மிக அதிகம். எல்லப்பன், மண்ணூர்க்காரர். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பிப்ரவரியிலேயே பார்த்திருந்தால் இவ்வளவு ஏறியிருக்காது என்றாள் ரஞ்சனி. மூடி மறைக்கத் தெரியாத பெண்.

ஆலை வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். ஜெபகுமார் சார் பேசுவதில்லை. ஆர்டர் நிலைக்குமா, தெரியாது.

3 ஏப்ரல், வியாழன்

லீவு போட்டுவிட்டு எல்லப்பனைப் பார்க்கப் போனேன். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். பட்டியலில் பேரை விட்டது நான்தான் என்று சொன்னேன். அவர் திட்டவில்லை.

"கை நடுங்குது, வவுறு வலிக்குது, எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு வுழுறேன். குடிச்சிட்டு வரேன்னே முடிவு பண்ணிட்டா மேடம் எம் பொண்டாட்டி. இங்க சேத்ததும் குடியாலதான்னு நெனச்சுகினு கீறா. சோத்த வாசல்லயே குடுத்துட்டுப் பூடுறா. நான் சொன்னா நம்பல. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

மதியம் வார்டு வாசலில் கங்கா வந்து நின்றாள், கையில் சாப்பாட்டுத் தூக்கு. சொன்னேன். ஈயம் என்றேன், பிப்ரவரியிலேயே கூப்பிட்டிருக்க வேண்டும் என்றேன், தப்பு என்னுடையது என்றேன். என் தப்பு அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"அப்ப இவரு குடிக்கலயா?"

"இல்லைங்க."

"ஒரு மாசமா நான் இவரோட ஒரு வார்த்த பேசல மேடம்."

வார்டுக் கதவுவரை போனாள், திரும்பி வந்தாள். தூக்கை என் கையில் திணித்தாள். "நீங்களே குடுத்துடுங்க" என்றாள். உள்ளே வரவில்லை.