வராத நாளுக்குத் தண்டனை

நவ. 4, செவ்வாய்

மதியம் முழுக்க மழை. துணி காயவில்லை. ஹாலில் கயிறு கட்டி யாழினியின் சட்டைகள், அடியில் மின்விசிறி. வீடு முழுக்க ஈர வாடை.

குமரனுக்கு இந்த வாரம் இரவு ஷிப்ட், பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில். கணவனும் மனைவியும் பார்த்துக்கொள்வதெல்லாம் கதவருகேதான். அவர் உள்ளே, நான் வெளியே. இன்று காலை பேசியது: "கேஸ் தீர்ந்துடுச்சு." "சரி."

யா.வுக்கு இருமல். காய்ச்சல் இல்லை. இருந்தாலும் நெஞ்சில் காது வைத்து வைத்துப் பார்த்தேன். கீழ்மாடி சாந்தி அக்காவிடம் விட்டுவிட்டு லிப்ட்டில் இறங்கும்போதே திரும்பிப் போகலாமா என்று தோன்றியது. தினமும் தோன்றுகிறது. பிள்ளைக்கு ஒரு வயது தாண்டியும் பழகவில்லை.

ஆபீஸ். பாஸ் கூப்பிட்டார். தினேஷ் என்று பேர் சொல்லச் சொல்கிறார், வாய் வரவில்லை. என்னைவிடச் சின்னவர், கல்யாணமாகாதவர். வெள்ளிக்கிழமை கோலாலம்பூரிலிருந்து ஒரு மேடம் வருகிறாராம். எங்கள் கம்பெனி செய்யும் விளையாட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு முதல் போடுவதா வேண்டாமா என்று சொல்வார். என் கான்ட்ராக்ட் இந்த மாதத்தோடு சரி. நிரந்தரமா, வீட்டுக்கா? வெள்ளிக்குப் பிறகுதான் தெரியும்.

"கவிதா, இந்த ஆபீஸ்ல பிஸியான அடல்ட்னா நீங்க ஒருத்தர்தான். மத்ததெல்லாம் பசங்க. டைம் இல்லாத ஆளு எப்படி விளையாடுவாங்கன்னு எழுதிக் குடுங்க லா."

டைம் இல்லாத ஆள் அதை எப்போது எழுதுவது என்று கேட்கவில்லை.

நவ. 5, புதன்

வாங்க: டயப்பர், கேஸ், இஞ்சி, சாந்தி அக்காவுக்கு ஏதாவது (அவர் மகன் பிறந்தநாள்).

காலையில் பிள்ளையை விடும்போது அக்கா கேட்டார்: "ஏம்மா, ஆபீஸ்ல என்னதான் செய்யற? சும்மா கேக்கறேன்."

"கையில வெச்சு விளையாடற கேம் செய்யறோம்க்கா. நான் விளையாடிப் பார்த்து எங்க கெட்டுப்போகுதுன்னு சொல்லணும்."

"விளையாடறதுக்குச் சம்பளமா! எங்க வீட்டுக்காரர் காதுல போட்றாத. நாளைக்கே லாரிய விட்டு இறங்கிருவாரு."

பள்ளிவாசல் சாலையில் பார்க்கிங் இல்லை. இரண்டு சுற்று. ஆபீஸ் மாடிப்படி வரை கீழே நாசி கண்டார் கடையின் சோறு, குழம்பு வாசனை. பசி. தீபாவளி முறுக்கின் கடைசித் தூள் பையில் இருந்தது, அதைத் தின்றேன்.

விளையாட்டு இதுதான். ஒரு தீவு, ஒரு சின்ன வீடு, வாசலில் செடிகள், ஒரு பூனை. தினமும் வந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். வராவிட்டால் செடி வாடும். இன்னும் வராவிட்டால் பூனை போய்விடும். அப்புறம் திரையில் ஒரு வரி: "எங்களை மறந்துவிட்டீர்கள்." தினமும் வருகிற ஆட்களின் எண்ணிக்கையைத்தான் முதல் போடுபவர்கள் பார்ப்பார்களாம்.

பாஸுக்கு எழுதியது (பாதி மதிய இடைவேளையில், பாதி கழிவறையில்):

– எந்த நொடியிலும் மூடிவைக்க முடிய வேண்டும். "சேவ் ஆகிறது, காத்திருக்கவும்" கூடாது. பிள்ளை காத்திருக்காது.
– திரும்பத் திறந்தால், நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அதுவே சொல்ல வேண்டும். எனக்கு ஞாபகம் இருக்காது.
– ஒரு கை போதும்படி. இன்னொரு கையில் ஆள் இருக்கும்.
– சத்தம் இல்லாமலும் புரிய வேண்டும்.
– திட்டக் கூடாது.

கடைசியை எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன்.

காலேஜில் படிக்கும்போது ஒரு லீவு முழுக்க விளையாடியிருக்கிறேன். சாப்பாட்டுத் தட்டு பக்கத்தில் காய்ந்துபோகும். இப்போது குளியலறைக் கதவுக்குப் பின்னால் திறந்தால், படம் வருவதற்குள் "ம்மா". எதிர்காலத்தில் திரை மடியும், பேட்டரி நாள் கணக்கில் நிற்கும் என்றெல்லாம் பசங்க மணிக்கணக்கில் பேசுகிறார்கள். எனக்கு வேண்டிய எதிர்காலம் சின்னது. விட்ட இடத்தில் என்னை விட்டுவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

நவ. 6, வியாழன்

இருமல் குறைவு. மழை. பாஸுடன் வாக்குவாதம்.

"நாலு பாயிண்ட் சூப்பர். அஞ்சாவது முடியாது. செடி வாடலன்னா எதுக்குத் திரும்பி வருவாங்க?"

"புடிச்சா வருவாங்க பாஸ்."

"புடிச்சத செய்ய நேரமில்லன்னு நீங்கதானே சொல்றீங்க?"

ரூபன், படம் வரைகிற பையன், ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சொன்னான்: "பாஸ், எங்கம்மா ஒரு ஆப்புல தினமும் பூ பறிச்சாங்க. மாமா சாவுக்கு நிபோங் திபால் போய்ட்டு வந்தா எல்லாம் போச்சு. மாமாவுக்கு அழுததவிட அதுக்குத்தான் ஜாஸ்தி அழுதாங்க."

பாஸ் சிரித்தார். "பாத்தியா, அவ்ளோ அட்டாச்மெண்ட்!"

"அப்புறம் தொடவே இல்ல பாஸ்."

"ஒரு அம்மாவ வெச்சு பிசினஸ் பண்ண முடியாது லா." கதவைச் சாத்திக்கொண்டார். இந்த வாரம் இப்படி எதிர்த்துப் பேசியிருக்கக் கூடாது. கான்ட்ராக்ட் பேப்பர் அவர் மேசையில்தான் இருக்கிறது.

கோபத்தில், விளையாடிச் சோதிக்க வைத்திருக்கும் கையடக்க டெஸ்ட் செட் ஒன்றை எடுத்தேன். நீண்ட நாள் வராவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க நாங்கள் காத்திருப்பதில்லை. கடிகாரத்தைக் கையால் முன்னால் தள்ளிவிடுவோம். ஒரு மாதம் தள்ளினேன். அதில் என்ன காட்டுகிறது என்று படம் பிடித்து பாஸுக்கு அனுப்பலாம் என்று நினைத்தேன். அப்போது போன். சாந்தி அக்கா.

"பயப்படாத. பால கக்கிட்டா. நெத்தி சுடற மாதிரி இருக்கு. பயப்படாத."

பயப்படாதே என்று இரண்டு தடவை சொன்னால் பயப்பட வேண்டும் என்று அர்த்தம். செட்டைச் சார்ஜரில் செருகிவிட்டு ஓடினேன். குடை ஆபீசிலேயே.

கிளினிக். தொண்டையில் லேசான புண். மருந்து. டாக்டர் என்னைப் பார்த்து, "அம்மா தூங்குறீங்களா?" என்று கேட்டார். யா.வைப் பற்றி ஏதோ கேட்கிறார் என்று நினைத்து, "ரெண்டு தடவ எழுந்துக்கறா டாக்டர்" என்றேன்.

நவ. 7, வெள்ளி

கு. ஷிப்ட் முடிந்து வந்து தூங்காமல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். "போ, போ, நான் இருக்கேன்." கண் சிவந்து கிடந்தது.

மேடம் வந்தார். ஐம்பதுக்கு மேல், குட்டை முடி, பெரிய பை. ஆங்கிலத்தில்தான் பேச்சு. பாஸ் நல்ல சட்டை போட்டிருந்தார். காட்டுவதற்கு வைத்திருந்த செட் புது அப்டேட் ஏறாமல் தொங்கிப்போனதால், ரூபன் சார்ஜரில் இருந்த டெஸ்ட் செட்டைக் கொண்டுவந்து மேடம் கையில் கொடுத்தான்.

திரை வெளிச்சம் வந்தபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

கடிகாரத்தைத் திருப்பி வைக்கவில்லை.

காய்ந்த செடிகள். காலிக் கிண்ணம். பூனை இல்லை. எங்களை மறந்துவிட்டீர்கள். பாஸ் எட்டிப் பார்த்தார். அவர் காது சிவந்ததைப் பார்த்தேன். கீழே கடையில் யாரோ எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்லி "கூவா சம்போர்!" என்று ஆர்டர் கத்துவது மட்டும் கேட்டது.

பிறகு பாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தார். மற்ற விளையாட்டுகள் வேலையில் இருப்பவர்களை இப்படித்தான் வரவேற்கின்றன, மேடம். அந்த உணர்ச்சி உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் முதலில் காட்டினோம். எங்களுடையது அப்படிச் செய்யாது. எத்தனை நாள் கழித்து வந்தாலும் செடி பச்சையாக இருக்கும்.

எல்லாம் என் ஐந்தாவது பாயிண்ட். நேற்று முடியாது என்ற அதே வாய்.

மேடம் செட்டை மேசையில் வைத்தார். பிறகு தன் கை வாட்ச்சைத் தட்டிக் காட்டி, இதுவும் என்னைத் திட்டுகிறது, இன்று நடக்கவில்லையாம் என்றார். சிரித்தார். பச்சையாக இருக்கும் அந்த விளையாட்டை டிசம்பர் கடைசிக்குள் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படி ஒன்று எங்களிடம் இல்லவே இல்லை.

படியில் பாஸ் என்னை நிறுத்தினார். "பிளான் பண்ணித்தானே வெச்சீங்க? தைரியம்தான் உங்களுக்கு."

தலையை ஆட்டியிருந்தால் போதும். இந்த வேலையில் முதல் தடவையாக ஒருவர் என்னைத் தைரியசாலி என்கிறார்.

"இல்ல பாஸ். மறந்துட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல்னு போன் வந்துச்சு, அப்படியே ஓடிட்டேன்."

மேலே ஆபீஸ் கதவைத் திரும்பிப் பார்த்தார். "இத வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க லா."

ரூபன்: "அக்கா, பூனையக் கொன்னு கம்பெனியக் காப்பாத்திட்டீங்க."

"சாகலடா. ஓடிப்போச்சு."

"அதுக்கும் லீவு வேணும்ல."

நவ. 8, சனி

வெயில். இரண்டு வாளி துணி. யா. சாதம் சாப்பிட்டாள், பாதியைத் தலையில் தேய்த்துக்கொண்டாள்.

பகலில் பாஸ் மெசேஜ்: ஒன்றாம் தேதியிலிருந்து பெர்மனன்ட். கீழே இன்னொன்று: டிசம்பர் முடியும்வரை சனி, ஞாயிறும் வர வேண்டும், இல்லாவிட்டால் முடியாது, நீங்கள் கேட்ட ஐந்தாவது பாயிண்ட்தானே.

கு.விடம் காட்டினேன். பிள்ளையை வயிற்றில் போட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

"நல்ல விஷயம்தானே?"

"ஆமா."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"சனி ஞாயிறு நீங்க ஓ.டி. போவீங்க. சாந்தி அக்கா பாக்க மாட்டாங்க. இவள யாரு பாக்கறது?"

"நான் ஓ.டி. விட்டுர்றேன்."

"விட முடியாது. அந்தப் பணம் இல்லாம ஓடாதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும்."

"டைம் இல்லாதவங்களுக்கு விளையாட்டு செய்யறேன்னு உன் டைம புடுங்கறாங்க. நல்ல கம்பெனி." சிரித்தார். சிரித்துக்கொண்டே தூங்கிவிட்டார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இருவரும் ஒரே மாதிரி வாயைத் திறந்துகொண்டு.

நான் வர முடியாது என்றால் வேறு யாராவது அந்த இடத்துக்கு வந்துவிடுவார்கள். பிள்ளை இல்லாத யாராவது. அவர்களும் செடியைப் பச்சையாக வைப்பார்கள், நன்றாகவே வைப்பார்கள். போகட்டும் என்று நினைக்கவும் முடியவில்லை.

இப்போதுதான் பதில் எழுதினேன். முதலில் நீளமாக, காரணங்களோடு. அழித்தேன். "மன்னிக்கவும்" என்று ஆரம்பித்தேன். அதையும் அழித்தேன். கடைசியில் இவ்வளவுதான்: "பாஸ், திங்களிலிருந்து வெள்ளிவரை முழுசா செய்யறேன். சனி ஞாயிறு வர முடியாது. ஆனா அந்த அஞ்சாவது பாயிண்ட் வேலை எனக்கு வேணும்."

அனுப்பிவிட்டேன். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஒரு தடவை அதிர்ந்தது. காலையில் பார்க்கிறேன்.