ஒரே ஒரு கறுப்புக் கோலி

அன்புள்ள தம்பிக்கு,

நீ உறுப்பினராயிருக்கும் ஃபிரீமேசன் சங்கத்துக்கு இருநூறு வயதாம். அன்றுமுதல் இன்றுவரை அதன் ஒரே நோக்கம் சகோதரத்துவமாம். அதை நம்பித்தான் நானும் சேர விண்ணப்பித்து, தொப்பையை மறைக்க ஒரு கறுப்புக் கோட்டும் தைத்தேன்.

என்னைச் சேர்க்கலாமா என்று நீங்கள் வாக்களித்த பெட்டியில் விழுந்த கோலியெல்லாம் வெள்ளை, ஒன்றைத் தவிர. ஒரு கறுப்பு விழுந்தாலே ஆள் வெளியே. போட்டது யாரென்று யாரும் சொல்லக்கூடாதாம், சொல்லவும் இல்லை.

மறுநாள் உங்கள் ஆட்கள் அத்தனை பேரும் வீட்டுக்கு வந்து ஆறுதல் சொன்னார்கள். “மனசுல வெச்சுக்காதீங்கண்ணே” என்று தலைவரே என் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசிக் கோப்பையைக் கழுவும்போது உன் அண்ணி கேட்டாள்: “எல்லாரும் வந்துட்டாங்க. உங்க தம்பியை மட்டும் காணோமே?”

கோட்டை அனுப்பியிருக்கிறேன். இடுப்பில் பிடித்துத் தைத்துக்கொள்.

இப்படிக்கு,
சங்கத்துக்கு வெளியே உனக்கிருக்கும் ஒரே சகோதரன்