உள்ளே இருப்பவரின் கைக்கு

என் அன்புக்குரிய காதர் மச்சான்,

முதலில் சிரி. நீ சிரிக்க வேண்டும் என்றுதான் இதிலிருந்து தொடங்குகிறேன். போன கிழமை இருமலுக்கு மருந்தெடுக்கப் புது டிஸ்பென்சரிக்குப் போனேன். கதவில் பளபளவென்று ஒரு பித்தளைத் தகடு. தகடு இருந்தால் தள்ளு என்றுதானே அர்த்தம்? தள்ளினேன். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். வாங்கில் குந்தியிருந்த சனமெல்லாம் இருமலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. மடியில் பிள்ளையோடு இருந்த ஒரு மனுசி, "ஐயா, அது இழுக்கிற கதவு" என்றா. இந்தக் கதவுக்குத் தகடு போடச் சொல்லி எழுதின மடையன் எவன் என்று எனக்குக் கோபம் வந்தது. எழுதினவன் நான்தான்.

நீ மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு, கதவுகளுக்கு நான் தனியே எழுதிக் கொடுத்த முதல் கட்டடம் அது. ஏன் பிழைத்தது என்று உனக்குத் தெரியும். கதவு பார்க்கப் போனால் நீ உள்ளே நிற்பாய், நான் வெளியே நிற்பேன். கதவைச் சாத்திவிட்டு இரண்டு பக்கமும் நின்று கதைப்போம். கை எங்கே போகிறது, தோள் எங்கே இடிக்கிறது, சாமான் தூக்கி வருகிறவன் எப்படித் திரும்புவான் என்றெல்லாம். இப்போது வெளியே மட்டும்தான் ஆள் இருக்கிறது.

உன் பேரில் வருகிற இந்த நினைவு மலரை வாசிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை, குறை நினையாதே. நாங்கள் கதவு செய்தவர்கள் இல்லை. பூட்டு விற்றவர்களும் இல்லை. கட்டடம் கட்டுகிறவர்களுக்கு, எந்தக் கதவுக்கு எந்தப் பிணைச்சல், எந்தப் பூட்டு, எந்தக் கைபிடி என்று எழுதிக் கொடுத்தவர்கள். இதை ஊருக்கு விளங்கப்படுத்தவே எங்களுக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. கப்பல்துறையிலிருந்து ஒருவர் திறக்க ஏலாத டிரங்குப் பெட்டியைத் தலையில் சுமந்து வந்தது ஞாபகமா? "நாங்கள் எழுதிறனாங்கள் மட்டும்தான், அண்ணை" என்றாய். "அப்ப இதில என்னத்தையாவது எழுதித் திறந்து தாங்கோ" என்றார் அவர்.

எந்த இரும்புக்கடையிலும் தேத்தண்ணிகூடக் குடிப்பதில்லை என்று நீ ஒரு சட்டம் வைத்திருந்தாய். குடித்தால் அந்தக் கடைப் பூட்டு எங்கள் கண்ணுக்கு நல்லதாகத் தெரியத் தொடங்கிவிடும் என்பாய். கொதிக்கிற வெயிலில் கடைகடையாக ஏறி இறங்கிவிட்டு, நீ கிண்ணியாவுக்குப் பாதைப்படகு ஏறுமுன் துறையடியில் எங்கள் காசில் குடித்த தேத்தண்ணிக்கு ஒரு தனி ருசி. இப்போது இறக்குமதி திறந்துவிட்டபடியால் கடைகளில் சாமான் குவிந்து கிடக்கிறது. எல்லாம் தங்கம் மாதிரி மினுங்குது. ஒரு மழைக்காலம் போனால் எங்கள் உப்புக்காற்று அதைத் தின்றுவிடும். நான் இன்னும் கனத்த பித்தளைதான் எழுதுகிறேன். தேத்தண்ணியும் குடிப்பதில்லை.

உனக்கு இன்னொரு பிடிவாதமும் இருந்தது. ஆள் இருக்கிற அறைக்கு, உள்ளே இருப்பவர் திறப்பு, அதுதான் சாவி, இல்லாமல் தன் கையாலேயே திறக்க ஏலாத பூட்டை நாங்கள் எழுதமாட்டோம். சின்ன வயதில் துறைமுகப் பக்கம் ஒரு சாமான் அறைக்குள் நீ பூட்டுப்பட்டுக் கிடந்த கதையை எப்போதும் பகிடியாகத்தான் சொல்வாய். "பிஸ்கட் பெட்டியளுக்க ராசா மாதிரி இருந்தனான்" என்பாய். ஆனால் சாத்திய கதவுக்கு உள்ளே நின்று நீ அளவு சொல்லும்போது உன் குரல் கொஞ்சம் மாறும். நான் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்டிருக்க வேணுமோ?

அந்தப் பிடிவாதத்துக்குத்தான் இந்த வருடம் சோதனை வந்தது. கொண்டு வந்தது வேறு யாருமில்லை, உன் மருமகள், என் மகள் றீற்றா.

லிங்கநகரில் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கிற விடுதிக்கு அவள் இப்போது பொறுப்பாக இருக்கிறாள். புதுக் கட்டடம் எழும்புகிறது. ஒரு பெட்டை பொழுதுபடச் சொல்லாமல் வெளியே போய், படம் பார்த்துவிட்டு வந்துவிட்டாளாம். தாய் தகப்பன்மார் வந்து சத்தம் போட்டார்கள். படுக்கை அறைக் கதவுக்கு வெளியால் குறுக்கே ஒரு திறாங்குத் தாழ்ப்பாளும் அதில் ஆமைப்பூட்டும் போட வேண்டும், இல்லாவிட்டால் வேறு பொறுப்பாளர் பார்ப்போம் என்று விடுதிச் சபைத் தலைவர் றீற்றாவிடம் சொல்லிவிட்டார். கதவுகளுக்கு எழுதுகிறவன் நான். பிறகென்ன?

"அப்பா, ஒரு திறாங்கு, ஒரு பூட்டு. எழுத ஒரு நிமிசம் காணும்" என்றாள்.

"ஏலாது, பிள்ளை."

"எத்தனை இடத்தில வெளியால பூட்டுகினம்!"

"அதுகளை நான் எழுதேல்லை."

"என்ர வேலை போனா?"

"வீட்டில சோறு இருக்கு."

"ஓம். அம்மா சமைப்பா. நீங்கள் பக்கத்தில இருந்து பூட்டைப் பற்றிப் பிரசங்கம் வைப்பியள்."

நாக்கு தாயுடையது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டபடியால் வாதாடி வெல்ல எனக்குத் தெரியாது. வா, போய்ப் பார்ப்போம் என்றேன். பழைய விடுதியின் சாமான் அறைக் கதவில் வெளியால் ஒரு திறாங்கு இருக்கிறது. நான் பழக்கதோசத்தில் வெளியே நின்றுவிட்டேன். நான் கேளாமலே அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"போடுங்கோ அப்பா, பாப்பம்."

போட்டேன்.

"திறக்கட்டோ?"

"பொறுங்கோ." பிறகு கொஞ்சம் கழித்து, "அப்பா, ஒருத்திக்கு வயித்துக்குத்து வந்தா ஆரைக் கூப்பிடுவாள்?"

"உன்னைத்தான்."

"எனக்குக் கேக்குமோ?"

கதவின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேள்வி கேட்டு எவ்வளவு காலம், மச்சான்! திறாங்கை எடுத்தேன்.

வெளியே வந்தவள் தாவணித் தூசியைத் தட்டிக்கொண்டு சொன்னாள்: "எழுதுங்கோ. வெளியால திறப்பு, உள்ளுக்குக் கையால திருப்பிற திருகு. கதவு திறந்தா ஒரு மணி அடிக்க வேணும். மணி என்ர கட்டில் தலைமாட்டில இருக்கட்டும்."

மணி! இத்தனை வருடத்தில் உனக்கோ எனக்கோ அது ஒருநாளும் தோன்றவில்லையே. போகிறவள் போகலாம். ஆனால் ஆருக்கும் தெரியாமல் போக ஏலாது. எழும்ப வேண்டியவள் றீற்றா.

சபையில் தலைவர் விடவில்லை. "மணி அடிச்சும் நீர் எழும்பாட்டி?"

"எழும்பாட்டி என்னை வேலையால நிப்பாட்டுங்கோ, ஐயா. பிள்ளையளைப் பூட்டி வைக்கிற வேலையெண்டா இப்பவே வேற ஆளைப் பாருங்கோ."

அவர் என் பக்கம் திரும்பினார். "தகப்பன், நீங்களாவது புத்தி சொல்லுங்கோ."

"நான் கதவுகளுக்கு எழுதிறவன், ஐயா. பிள்ளையளுக்கு எழுதிறதில்லை" என்றேன். சபையில் சிரிப்பு எழும்பியது. தலைவரும் சிரித்தார். ஒரு பள்ளித் தவணைக்குப் பார்ப்போம் என்றார்.

முதல் கிழமை மணி ஓயவில்லையாம். ஒருத்திக்குத் தண்ணி விடாய், ஒருத்திக்குத் தவளைப் பயம், ஒருத்திக்கு மணி அடிக்குதா என்று பார்க்கிற ஆசை. ஒவ்வொரு முறையும் றீற்றா எழும்பிப் போயிருக்கிறாள். கண் சிவந்து, பேய் மாதிரி வீட்டுக்கு வந்தாள். பிறகு பெட்டைகளுக்கே அலுத்துவிட்டது. தவணை முடிந்தது. மணியும் இருக்கிறது, அவளும் இருக்கிறாள். ஆமைப்பூட்டு வரவேயில்லை. இன்னொரு விடுதியிலிருந்தும் இதே மாதிரி எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்.

உனக்கு நான் தருகிற வாக்கு இது. என் கை எழுதுகிற வரைக்கும் நீ வைத்த சட்டமும் பிடிவாதமும் மாறாது. டிஸ்பென்சரித் தகட்டையும் இந்தக் கிழமையே மற்றப் பக்கம் மாற்றிவிடுவேன், அந்த மனுசி திரும்ப வரமுன்னம்.

போன ஞாயிறு பூசை முடிந்து நீயும் நானும் இருந்து எழுதின கந்தோருக்கு றீற்றா வந்தாள். யன்னலைத் திறந்தாள், தூசி தட்டினாள், புதுக் கட்டடத்தின் படத்தை விரித்து வைத்து, இந்தக் கதவு இஞ்சால திறந்தா ஆக்களுக்கு இடிக்குமே என்றாள். உன் கதிரைக்குப் பக்கத்தில் நின்றபடிதான் பார்த்தாள். அதில் குந்தவில்லை. ஒன்று கேட்க எனக்கு வாய்வரை வந்தது. ஆனால் தகப்பன் நேரே நின்று கேட்டால் மாட்டேன் என்று சொல்ல அவளால் ஏலாது. அதனால் விழுங்கிவிட்டுத் தேத்தண்ணி வேணுமா என்று கேட்டேன்.

இந்த மலர் அவள் கைக்கும் போகும். வாசித்துவிட்டு, வாசிக்காத மாதிரி இருந்துவிடலாம். அதற்கு அவளுக்கு வசதி இருக்கட்டும் என்றுதான் இங்கே, உனக்கு எழுதுகிறேன்:

பிள்ளை, காதர் மாமாவின் கதிரையில நீ வந்து இரன்.

என்றும் உன் மச்சான்,
றீற்றாவின் அப்பா அந்தோனி